கையை விட்டால்

போகும்போது இடப்பக்கம் இழுத்த வண்டி, திரும்பி வரும்போது வலப்பக்கம் இழுத்தது.

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பதுபோல ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே சாலை, அதே வேகம், அதே நாலு டயர். தார்ச்சாலை நடுவில் கொஞ்சம் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். கையை விட்டால் எந்த வண்டியும் ஓரத்துப் பக்கம் லேசாகச் சாயும். போனாலும் இடது, வந்தாலும் இடது. ஆனால் இந்த வண்டி திரும்பி வரும்போது மேட்டில் ஏறி, எதிரே வருகிறவர்கள் பாதைக்குள் மூக்கை நுழைத்தது. மெதுவாக, அவசரமில்லாமல், வழி தெரிந்த மாதிரி.

ஊரில் அவனுக்கு 'நூல்' என்று பெயர். கம்ப்யூட்டர் வைத்துச் சக்கர அலைன்மென்ட் பார்க்கிற கடைகள் மூன்று வந்துவிட்ட பிறகும், வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நட்டு, சக்கரத்தின் நடு உயரத்துக்கு வெள்ளை நூலை இழுத்துக் கட்டி, இரும்பு ஸ்கேலால் அளந்துதான் சொல்வான். திரையில் பச்சை விளக்கு எரிந்தால் வண்டி குணமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள்மேல் அவனுக்கு ஓர் இளக்காரம் உண்டு. "விளக்கு பச்சையாத்தான் எரியும், வண்டி பள்ளத்துல கெடக்கும்" என்பான். எட்டு மாதமாக அந்தப் பேச்சை அவன் பேசுவதில்லை.

வண்டியை வியாழக்கிழமை கொண்டுவந்து விட்டவள் அக்கா.

"என்னமோ இழுக்குதுடா. புடிச்சுப் புடிச்சு கை வலிக்குது."

"எந்தப் பக்கம்?"

"ஸ்கூலுக்குப் போறப்ப இந்தப் பக்கம். வர்றப்ப அந்தப் பக்கம்."

அவன் சிரித்துவிட்டான். "வண்டிக்கு ஒரு பக்கம்தான்க்கா இழுக்கத் தெரியும். ஆளப் பாத்து மாத்திப் பேசுறதெல்லாம் மனுசங்கதான்."

அக்கா சிரிக்கவில்லை. "உன் அத்தான் கொண்டுவந்தப்பவும் நீ இப்படித்தான் சிரிச்ச."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான். அவளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கள்கிழமை காலையில் சேர வேண்டும். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள், சாமான்களை ஏற்றுவாள், ஏழு வயது மகளை உட்கார வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் இந்த வண்டியைத்தான் ஓட்டப்போகிறாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் வாய்க்காத அவனுக்கு, உலகத்தில் தன்னுடையவர்கள் என்று சொல்ல இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே வண்டியை அத்தான் கொண்டுவந்தார். இடப்பக்கம் இழுக்கிறது என்றார். அன்றைக்குப் பட்டறையில் ஐந்து வண்டி நின்றது. நூல் கட்டிப் பார்த்தான், அளவு சரியாக இருந்தது. டயரை மாற்றிப் போட்டுப் பார்த்தான், அப்படியும் இழுத்தது. காரணம் பிடிபடவில்லை. காரணம் பிடிபடவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்காமல், எதிர்ப்பக்கம் இன்னொரு நோயை வைத்து இரண்டையும் சமமாக்கிவிடுவது. வலது சக்கரத்தின் மேல்பிடிப்பில் இரண்டு மெல்லிய தகடுகளைச் செருகி, அந்தச் சக்கரம் வலப்பக்கம் இழுக்கும்படி சாய்த்து வைத்தான். இடது இழுப்பும் வலது இழுப்பும் ஒன்றையொன்று தின்றுகொள்ள, வண்டி நேராக ஓடியது.

"சரியாயிடுச்சு அத்தான்" என்றான். அத்தான் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள், தண்ணீர் நிறைந்து கிடந்த பழைய கல்குவாரியை ஒட்டிய சாலையில், வண்டி வலப்பக்கம் திரும்பி உள்ளே போனது. வண்டியைக் கிரேன் வைத்து எடுத்தார்கள். எட்டு நாள் முக்குளித்தும் அத்தான் கிடைக்கவில்லை. அந்தக் குவாரிக்கு அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. தூங்கிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். பட்டறைக்கு வந்த வண்டியை அவன் தனியாகப் பிரித்துப் பார்த்தான். இடது முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், வெளியே பார்க்க நன்றாக இருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. போன அழுத்தம் திரும்பாமல் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. அதுதான் இடது இழுப்பு. அது என்றைக்கோ ஒரு நாள் தானாக விட்டிருக்கிறது. விட்டதும் மிச்சம் இருந்தது அவன் வைத்த வலது இழுப்பு மட்டும்.

ஹோஸை மாற்றினான், தகடுகளைக் கழற்றினான், எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி அக்காவிடம் வண்டியைக் கொடுத்தான். இந்த விஷயத்தை மட்டும் கொடுக்கவில்லை. கழற்றிய தகடுகள் மேஜை இழுப்பறையில் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தன.

அதனால்தான் வெள்ளிக்கிழமை முழுக்க அவன் அந்த வண்டியை விடவில்லை. காற்றை அளந்தான். முன்டயர்களை இடம் மாற்றினான். ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றிவிட்டு, காதை வைத்து உரசல் கேட்கிறதா என்று பார்த்தான். இரண்டு ஹோஸையும் மறுபடி புதிதாக மாற்றினான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து உள்ளங்கையைச் சக்கரங்களின் நடுவில் வைத்துச் சூடு பார்த்தான். இரண்டும் ஒரே சூடு. ஸ்பிரிங் உயரம், தரையிலிருந்து அளந்தால் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்று. நூலில் ஒரு மில்லிமீட்டர் குற்றம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வண்டியை அவன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் சாலையில் கொண்டுபோய்க் கையை விட்டான்.

போகும்போது இடது. வரும்போது வலது.

அப்படியென்றால் வண்டி இழுக்கவில்லை. வண்டியை ஏதோ இழுக்கிறது.

அந்த எண்ணம் வந்ததும் தனக்கே சிரிப்பாக இருந்தது. தலையை வெயிலில் காட்டியது போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டான். தூக்கம்தான் வரவில்லை.

சனிக்கிழமை காலை, மூடிக்கிடந்த நூற்பாலையின் பெரிய முற்றத்துக்கு வண்டியைக் கொண்டுபோனான். நாலு பக்கமும் சமதளமான சிமென்ட் தரை, நடுவில் புல் முளைத்த வெடிப்புகள், எங்கோ கழன்ற தகரம் ஒன்று காற்றில் இடைவிட்டு இடைவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. முதல் கியரில் போட்டுக் கையை விட்டான். வண்டி வளைந்தது. வளைந்துகொண்டே வந்து ஒரு திசையைத் தொட்டதும் வளைவதை நிறுத்தி நேரே ஓடியது. எந்தப் பக்கம் முகத்தை வைத்து ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த ஒரு திசைக்குத்தான் வந்து நின்றது. ஏழு தடவை பார்த்தான். பிறகு சந்தைத் திடலுக்குப் போய் அதையே செய்தான், பிறகு ஆற்றோர மைதானத்துக்கு.

பட்டறைச் சுவரில் பழைய சாலை வரைபடம் ஒன்று தொங்கியது. மூன்று இடத்திலும் ஆணி குத்தி, வண்டி காட்டிய திசைக்கு நூலை இழுத்துப் பிடித்தான். மூன்று நூலும் பட்டறையிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர் தள்ளி ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வரைபடத்தில் அங்கே எதுவும் அச்சிட்டிருக்கவில்லை. அச்சிட வேண்டிய அவசியமும் இல்லை, அது குவாரி.

பயம் என்பதைவிட முதலில் வந்தது அழுகைதான். அவர் அங்கேதான் இருக்கிறார். எட்டு மாதமாக இந்த வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் அவனே ஓட்டிக்கொண்டு போனான். குவாரிச் சாலையில் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. உடைந்த தடுப்புக்கல் இன்னும் அப்படியே கிடந்தது. கரையில் நின்றான். தண்ணீர் கறுப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், மேலே இருக்கிற வானத்தைத் தனக்குள் வாங்காமல் கிடந்தது. பாசி வாடை. ஈரக் கல்லின் வாடை. அதற்கடியில் பழைய இரும்பு வாடை. அக்காவிடம் சொல்ல முடியாததை அந்தத் தண்ணீரிடம் சொல்லிவிட்டான்.

"அத்தான். தப்பு என்னோடதுதான். தகடு வெச்சது நான்."

தண்ணீர் அசையவில்லை. அவன் திரும்பி வண்டியில் ஏறினான். முதுகுக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து எதையோ தூக்கும்போது வருகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தவளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மனத் திருப்திக்காக மறுபடி ஒருமுறை அளந்தான். நூல்கள் குவாரியில் சேரவில்லை. பட்டறையிலிருந்து ஆறு கிலோமீட்டரில், குவாரிச் சாலையின் இடிந்த பாலத்தின்மேல் சேர்ந்தன. அவன் ஆணிகளைச் சரிபார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். பதினோரு மணிக்கு இன்னொரு தடவை அளந்தான். நாலு கிலோமீட்டர். செங்கல் சூளை.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நேற்று சாயங்காலம் அவன் கரையில் நின்று பேசிய ஆறு மணியிலிருந்து, மணிக்கு ஒரு கிலோமீட்டர். காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருவரின் வேகம். ராத்திரி முழுக்க நிற்காமல் நடந்திருக்கிறார். மூன்று மணிக்கு இங்கே வந்துவிடுவார்.

பட்டப்பகல். சாலையில் சைக்கிளில் ஆட்கள் போகிறார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு, கண்ணால் பார்த்துவிடுவது என்று வண்டியைக் குவாரிச் சாலையில் விட்டான். கையை மடியில் வைத்துக்கொண்டான். வண்டி நேராக ஓடியது. வெயில் தார்மேல் நெளிந்தது. சூளையின் புகை மணம் வந்தது, சாலையோரம் இரண்டு ஆடுகள் மேய்ந்தன, ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ஆடுகள் சட்டென்று மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கின.

ஸ்டியரிங் சுழன்றது.

அவன் விரல் படாமல், ஒரே வீச்சில், முழுக்க. டயர் கிறீச்சிட்டு வண்டி குறுக்கே நின்றது. கடந்துவிட்டான். எதையோ கடந்துவிட்டான். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். சாலை காலியாக இருந்தது. ஆள் இல்லை. நிழல் இல்லை. காய்ந்த தாரில் ஈரமாக இரண்டு கோடுகள் மட்டும், பாதம் வைத்த மாதிரி இல்லாமல், பாதத்தை இழுத்த மாதிரி. கொதிக்கிற தாரில் அந்த ஈரம் காயவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு ஒரு சாண் நீண்டது.

அதைத் தாண்டித் திரும்பி வர அவனுக்குத் தைரியம் இல்லை. வாய்க்கால் பாதையில் சுற்றி, மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து எழுந்து பட்டறைக்கு வந்து சேர்ந்தான். வழி நெடுக ஸ்டியரிங் அவன் கையோடு மல்லுக்கட்டியது.

அக்காவுக்கு போன் செய்தான்.

"அக்கா, பேசாம பஸ்ல போயிடேன்."

"ஏன்டா?"

சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. தகட்டில் ஆரம்பிக்க வேண்டும்.

"சும்மாதான். தூரமா இருக்கே."

"இத்தன சாமான வெச்சுக்கிட்டு பஸ்ல எப்படிடா? நாலு மணிக்கு வர்றேன்." வைத்துவிட்டாள்.

அவன் ஒரு முடிவுக்கு வந்தான். வருகிறவர் யாரைத் தேடி வருகிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டது அவன். குற்றத்தை ஒப்புக்கொண்டது அவன். மூன்று மணிக்கு வந்து அவனை என்ன செய்ய வேண்டுமோ செய்துவிட்டுப் போனால், நாலு மணிக்கு அக்காவும் குழந்தையும் நிம்மதியாகக் கிளம்பலாம். அந்த நினைப்பில் ஒருவித அமைதிகூட வந்தது. முகம் கழுவினான். சட்டையை மாற்றினான். டப்பாவைத் திறந்து இரண்டு தகடுகளையும் கையில் எடுத்துக்கொண்டான்.

பட்டறை ஒரு நேர்ச்சாலையின் தலைமாட்டில் இருந்தது. வாசலிலிருந்து நேராக ஓடும் சாலை, இருநூறு அடி தள்ளி முச்சந்தியில் முடியும். இடப்பக்கம் போனால் நெடுஞ்சாலை, வலப்பக்கம் குவாரி. வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட்டு, முகம் சாலையைப் பார்க்க நிறுத்தினான். முன்சக்கரங்களை, அளவு பார்க்கும்போது சக்கரம் தடையில்லாமல் திரும்புவதற்காக வைக்கிற சுழல்தட்டுகளின்மேல் ஏற்றினான். விரலால் தள்ளினாலே திரும்பும். இரண்டு பக்கமும் நூல் கட்டினான். ஏன் கட்டினான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது, கை பழக்கம். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வண்டிக்கு முன்னால், சக்கரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

சக்கரங்கள் இரண்டும் குவாரிப் பக்கம் திரும்பி நின்றன.

இரண்டு மணி. இரண்டரை. தகரக்கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டக் டக் என்றது. கிரீஸ் வாடை, பழைய ரப்பர் வாடை, மூலையில் ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். அந்தக் குழாய் ஒரு வருஷமாகச் சொட்டுகிறது. இன்றைக்குத்தான் அவன் ஒவ்வொரு சொட்டையும் கேட்டான்.

இரண்டு ஐம்பதுக்குச் சக்கரங்கள் அசைந்தன.

தட்டில் இருந்த மணல் துகள் நசுங்குகிற சத்தம். ஒரு கடுகளவு. இன்னொரு கடுகளவு. குவாரிப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நேருக்கு வந்துகொண்டிருந்தன. முச்சந்தியில் திரும்புகிறார். அவன் பின்னால் திரும்பிச் சாலையைப் பார்க்கவில்லை. பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். காலியாக இருப்பதைத்தான் பார்க்க முடியாது.

சக்கரங்கள் நேராக நின்றன. அவனைப் பார்த்து நின்றன.

எதிர்வீட்டுத் துணிகளின் படபடப்பு நின்றது. குழாய்ச் சொட்டும் நின்றது. பாசி வாடை. முதுகில் குளிர். ஈரமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். நிற்கும். இழுக்கும். நிற்கும்.

பின்னங்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தான். தகடுகள் ஒன்றோடொன்று தட்டிக் கிலுகிலுத்தன.

"அத்தான்," என்றான். "என்னை எடுத்துக்குங்க."

யாரும் எதையும் எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது சக்கரங்கள் அவனை விட்டுவிட்டு வண்டியின் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மெதுவாக. முடிந்த மட்டும். கடைசியில் தடுப்பில் முட்டி 'டக்' என்றன. இடப்பக்கத்து வெள்ளை நூல் நடுவில் கீழே அமுங்கியது. இரண்டு விரற்கடை. நாலு விரற்கடை. ஸ்டாண்டு சாய்ந்தது. பிறகு நூல் விடுபட்டு அதிர்ந்தது. அமுங்கிய இடத்தில் வரிசையாக நீர்த்துளிகள் தொங்கின.

சக்கரங்கள் நேருக்குத் திரும்பின. அவ்வளவுதான்.

குழாய் சொட்டியது. துணி படபடத்தது. அவன் வாளியை விட்டு எழ ரொம்ப நேரமானது. சுழல்தட்டைக் காலால் தள்ளினான். சக்கரம் திரும்பியது, விட்ட இடத்தில் நின்றது. எந்தப் பக்கமும் போகவில்லை. எதையும் காட்டவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டார். மன்னித்துவிட்டார். அவன் வண்டியின் பானெட்டில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான்.

அக்கா சொன்னபடி நாலு மணிக்குக் குழந்தையோடு ஆட்டோவில் வந்தாள். பெட்டிகளை அவனே டிக்கியிலும் பின்சீட்டின் வலப்பக்கக் காலடியிலும் அடுக்கினான். குழந்தை அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது. அக்கா முச்சந்திவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். எட்டு மாதத்தில் அவள் முகத்தில் அவன் பார்க்காத ஒரு தெளிச்சி.

"கையை விட்டாலும் நூல் புடிச்ச மாதிரி போகுதுடா. என்ன பண்ணுன?"

"சின்ன வேலைதான்."

அவள் என்ஜினை அணைக்காமல் அவனைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "மத்தியானம் பஸ்ல போகச் சொன்ன. உன் முகமும் சரியில்ல. வண்டில ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுடா. குழந்தைய வெச்சு ஓட்டுறேன். நான் கோபப்பட மாட்டேன்."

தகடுகள் அவன் கைக்குள் இருந்தன. கையை விரித்தால் போதும். கேட்கிறாளே, இதைவிட எப்படிக் கேட்பார்கள். ஆனால் எல்லாம் முடிந்துபோன பிறகு எதற்கு என்று தோன்றியது. போகிறவர் போய்விட்டார், இவள் இப்போதுதான் சிரிக்கிறாள்.

"சரியாயிடுச்சுக்கா," என்றான்.

அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே வந்ததும்தான், அதை யாரிடம் கடைசியாகச் சொன்னோம் என்று நினைவு வந்தது.

அக்கா அவன் தோளில் தட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். குழந்தை பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கையாட்டினாள். அவனும் ஆட்டினான். ஆட்டிக்கொண்டே, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், போகிற வண்டியின் உயரத்தைக் கண் அளந்தது.

இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. முன்னால், இரண்டு விரற்கடை.

பெட்டிகள் வலப்பக்கம். ஓட்டுகிறவள் வலப்பக்கம். குழந்தை வலப்பக்கம். தாழ்வதென்றால் வலதுதான் தாழ வேண்டும். இடது முன்சீட்டில் யாரும் இல்லை.

அவன் திரும்பிப் பட்டறைத் தரையைப் பார்த்தான். வாசலிலிருந்து ஈரக்கோடு இரண்டு. வாளியைச் சுற்றிக்கொண்டு, இடப்பக்க நூலின் கீழே போய், வண்டியின் முன்கதவு இருந்த இடம்வரை. அங்கே முடிந்தது. திரும்பிப் போன கோடு இல்லை.

ஓடினான். நூலில் கால் மாட்டி விழுந்தான். எழுந்தான். "அக்கா" என்று கத்தினான். அவளுக்குக் கேட்டது. கேட்டுத்தான் ஜன்னல்வழியே கையை வெளியே நீட்டி, பாருடா என்பதுபோல விரித்துக் காட்டினாள். இன்னொரு கையும் உள்ளே மேலே தூக்கியிருந்தது பின்கண்ணாடியில் தெரிந்தது. வண்டி நேராகப் போனது.

முச்சந்தியில், நெடுஞ்சாலைப் பக்கம் திரும்ப, வண்டியின் இடது விளக்கு மினுங்க ஆரம்பித்தது. மினுங்கிக்கொண்டே இருந்தது. தூக்கிய கைகள் அவசரமாகக் கீழே இறங்கின. விளக்கு இடப்பக்கம் மினுங்க மினுங்க, வண்டி வலப்பக்கம், குவாரிச் சாலையில் திரும்பியது.